அன்னபூரணி கத்தரிக்காய் அரிந்த நாள்

என் அம்மா வடிவாம்பாள் அரிவாள்மணையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்து மாதக்கணக்காகிவிட்டது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

பிள்ளை பிறந்த சில நாளில் என் மனைவி அன்னபூரணி அவனைத் தூக்கிக்கொண்டு கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்தாள். ஏதோ குரல் கூப்பிட்டதாம். வைத்தியம் பார்த்துக் குரல் ஓய்ந்து வீடு திரும்பினாள். ஆனாலும் பிள்ளையை அம்மா அவளிடம் தரவில்லை. கடைசியில், மாமனார் வந்து மகளைத் தன் ஊரான திருநள்ளாற்றுக்கு அழைத்துப்போவது, பிள்ளை இங்கேயே இருப்பது என்று பேசி முடித்திருந்தார்கள்.

அவர் வருவதற்கு முதல் நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து மெஹர் பானு வந்தார். சமூகப் பணியாளர் என்று ஒரு வேலை இருப்பதே எண்பத்தைந்தாம் வருஷத்தில் எங்கள் ஊர் நெரவிக்குப் புதிது. ஊசியும் போட மாட்டார், மாத்திரையும் தர மாட்டார், வீட்டுக்கு வந்து கேள்வி மட்டும் கேட்பார். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

“வீட்டுல யாரும் நம்பலன்னா மாத்திரை மட்டும் என்னங்க செய்யும்? பயப்படாம அரிவாள்மணையக் குடுத்து அவங்கள வேலை செய்ய விடுங்க” என்றார்.

“நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நாங்கதான அழணும்?” என்றாள் அம்மா.

“இப்ப நான் இருக்கேன்ல. என் எதிர்லயே அரியட்டும்.”

நானே எழுந்துபோய் அரிவாள்மணையை எடுத்துவந்து அன்னபூரணி முன்னால் வைத்தேன்.

அவள் கத்தரிக்காய் அரிய ஆரம்பித்தாள். அப்போது பிள்ளை என் அம்மா மடியிலிருந்து நழுவி, அன்னபூரணியைப் பார்த்துத் தவழ்ந்தான். அம்மா பதறி எழுந்தாள். மெஹர் பானு கையமர்த்தினார். பிள்ளை இன்னும் கிட்டே போனான். சட்டென்று மெஹர் பானுவே பாய்ந்து அவனை வாரிக்கொண்டார்.

அன்னபூரணி அதற்கு முன்பே அரிவாள்மணையைச் சாய்த்து, அதன் கூர்முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அதைப் பிறகுதான் பார்த்தோம்.

“உங்களுக்குமா மேடம்?” என்றாள் அன்னபூரணி. குரலில் கோபமில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“ஆமாம்மா. எனக்கும் பயம் வந்துடுச்சு. தப்புதான்” என்றார் மெஹர் பானு.

அம்மா அவர் கையிலிருந்து பிள்ளையை வெடுக்கென்று வாங்கினாள்.

“ஊருக்குச் சொல்றது ஒண்ணு, செய்யிறது ஒண்ணா? பெத்தவளுக்குப் பிள்ளையப் பாத்துக்கத் தெரியாதா?” என்று சொல்லி, பிள்ளையை அன்னபூரணி மடியில் வைத்தாள்.

பிள்ளை பாட்டியிடமே போக வேண்டுமென்று வீறிட்டான். அன்னபூரணி விடவில்லை. நாளைக்கு வர வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்ல நான் சைக்கிளை எடுத்தேன்.