ஒரு முழம் கூடுதல்

பழவங்காடி பக்கத்துத் தியேட்டரில் அந்த வெள்ளப் படம் ஓடிய நாட்களில், இடைவேளை முடிந்ததும் திரையிலிருந்து கணுக்கால் அளவு தண்ணீர் இறங்கும். முன்வரிசைக்காரர்கள் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். படம் விட்டதும் வாசல்காரன் அஜீஷ் தண்ணீரைத் தள்ளிவிடுவான். கதை இதுதான்: மலைவெள்ளம் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடுகிறது. அம்மாவும் சின்ன மகளும் ஓட்டுக்கூரை மேல், அப்பா இக்கரையில். இடைவேளையில் அவர் ஓடிப்போய்க் கயிறு வாங்கிவந்து வீசுவார். ஒரு முழம் எட்டாது. கூரை நகர்ந்துபோகும். அத்தோடு படம் முடிந்துவிடும்.

சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் கோலப்பன் சினிமாவே பார்க்காதவர். அளவில் படு கறார். கொசுறு என்று ஒரு சாண் கயிறு மாமனாருக்கே விட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் தினமும் மதியம் சொட்டச் சொட்ட நனைந்த ஒரு மனிதர் வந்து இருபது முழம் வடம் கேட்டார். இவரும் அளந்து வெட்டிக் கொடுத்து, ஈர நோட்டை மின்விசிறியடியில் காயப்போட்டார். வெளியே நல்ல வெயில் என்பதை அவர் கண்டுகொள்ளவில்லை.

மனைவி முத்தாரம்மாள் படம் பார்த்துவிட்டு வந்தாள். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை கூரைமேலிருந்து கை நீட்டியதையே சொல்லிச் சொல்லி அழுதாள். மறுநாள் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தவள், கயிற்றுக்கு நிற்பவர் யாரென்று பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்சம் கூடக் கேட்டால் என்ன என்று அவரிடமே கேட்டாள். படத்தில் இருபது என்றுதான் வசனம், அதற்குமேல் வாய் வராது என்று அவர் தலை குனிந்தார்.

"இஞ்ச பாருங்க," என்றாள் கணவனிடம். "ஒரு முழம் கூட விட்டா நம்ம குடி முழுகிப் போயிருமா?"

கோலப்பன் கத்தியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அந்த மனிதரின் வேட்டியிலிருந்து தரையில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, கடை திறந்த காலத்திலிருந்து முதல்முறையாக, இருபத்தொன்றில் வெட்டினார்.

அன்றைய காட்சியிலேயே கயிறு கூரையைத் தொட்டது. மூவரும் கரையேறி, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தார்கள். அஜீஷ் பிள்ளைக்குத் துண்டு கொடுத்தான். சேதி கேட்ட முத்தாரம்மாள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். மற்ற ஊர்களில் கூரை இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறதாம். அங்கெல்லாம் கயிறு விற்பது யாரோ.

அந்தக் குடும்பம் இப்போது விதுராவில், மேட்டில் வீடு பார்த்துக் குடியிருக்கிறது. போன ஓணத்துக்கு அந்த அப்பா மகளோடு கடைக்கு வந்து, கூடுதலாகக் கிடைத்த ஒரு முழத்தை வெட்டிக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி மேசைமேல் வைத்தார். கோலப்பன் அதைத் தொடவில்லை.

"கொசுறத் திருப்பி எடுக்கது இந்தக் கடைல வழக்கம் இல்ல, கேட்டேளா," என்றார், காலங்காலமாகக் கொடுத்துவருபவரைப் போல.