கிட்டல மக்கா

அருமனையில் மழை என்றால் முதலில் கரண்ட் போகும், அதன் பின்னாலேயே நெட் போகும். இரண்டும் திரும்பி வரும்வரை ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் லைப்ரரிகளின், அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளின், விளக்கமெல்லாம் நெட்டில்தான் கிடக்கிறது. அதை இறக்கி, தமிழில் குறிப்பு எழுதி, தேடுபெட்டி ஒன்றையும் சேர்த்து, நெட் இல்லாமலே திறக்கிற பொட்டலமாகக் கட்டினோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கட்டியது நானும் இசபெல்லும். நாகர்கோவிலில் கல்லூரி முழுக்க ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு அவள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனாள். முதலில் தினமும் பேசினாள், அப்புறம் ஞாயிறுதோறும், அப்புறம் பிறந்தநாளுக்கு. இந்த வருடம் அதுவும் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், நானும் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு செல்வதாஸ் அண்ணனிடம் லைப்ரரி வேலை என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். "அப்பம் நமக்கும் ரெண்டு புக்கு கொண்டு வா மக்கா" என்றார். இன்றைக்கும் கேட்கிறார். நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்த ஓர் ஆள் இந்த ஊரில் இல்லை.

போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் குறை சொல்லி மெயில் அனுப்பினார். தேடிய சொல் இல்லாவிட்டால் வரும் வாசகத்தில் பிழை இருக்கிறதாம். 'வல்லதும்' என்றால் என்ன என்று கேட்டிருந்தார். இசபெல் விளையாட்டாகப் போட்ட வாசகம் அது: 'கிட்டல மக்கா. வேற வல்லதும் தேடிப் பாரு.' வல்லதும் என்றால் எங்களுக்கு ஏதாவது. அதை அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளே பேசுவதில்லை, அவள் பேச்சு மட்டும் எதற்கு? அழித்துவிட்டு 'முடிவுகள் ஏதும் இல்லை' என்று போட்டு, புதிய பதிப்பை வெளியிட்டேன்.

நேற்று மழை விட்டு மதியம் நெட் வந்தது. காலையிலேயே வந்து கிடந்த மெயில் ஒன்றைப் பார்த்தேன்.

"ஜினி அக்கா, நான் ஆன்ஸ்லின், ஊரு இராஜாக்கமங்கலம். சரக்குக் கப்பல்ல எலக்ட்ரீசியன். கடல்ல நெட் கிடையாது, ஒங்க பொட்டலத்த வச்சுதான் புரோகிராம் படிக்கேன். இங்க தமிழ் பேச ஒரு ஆளு இல்ல. என்னைய மக்கான்னு விளிக்க ஒங்க தேடுபெட்டி மட்டும்தான் உண்டும். அதுக்குன்னே தப்புத் தப்பா அடிப்பேன். புதுசுல அது இல்ல, பழச நான் அழிச்சாச்சு. சாயங்காலம் கப்பல் எடுக்கும், பெறகு மூணு மாசம் நெட் இல்ல. அதுக்குள்ள திரும்பப் போடுவியளா?"

வாசகத்தைத் திரும்பப் போட எவ்வளவு நேரமாகும்? போட்டுவிட்டேன். ஏற்றும்போது பாதியில் நெட் போய்விட்டது. லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். செல்வதாஸ் அண்ணன் வாசலில் நின்றார்.

"எங்க மக்கா ஓட்டம்? லைப்ரரிக்கா?"

"ஆமா அண்ணே, லைப்ரரிக்குத்தான்."

மார்த்தாண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏற்றினேன். 'போட்டாச்சு, எடுத்துக்கோ' என்று ஆன்ஸ்லினுக்கு எழுதினேன். டீ ஆறியது. இருட்டும்வரை பார்த்தேன், பதில் வரவில்லை. எடுத்துக்கொண்டானா, அதற்குள் கப்பல் கிளம்பிவிட்டதா, மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது நெட் இல்லை. பொட்டலத்துக்கு நெட் வேண்டாமே. திறந்து, தேடுபெட்டியில் இசபெல் என்று அடித்தேன்.

'கிட்டல மக்கா. வேற வல்லதும் தேடிப் பாரு.'

அவள் குரலேதான். அழுகை வந்தது, அழுதேன். வேறு வல்லதும் தேட எனக்கு இல்லை.