ரஞ்சிதம் கடைக் கண்ணாடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திருத்தணி பஸ் ஸ்டாண்டில், ஒரு சண்டையில். டாக்ஸிக்காரர் ஒருவர் தன் அம்பாசடரின் பின் கண்ணாடியைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அதில் ஒட்டியிருந்த கறுப்புத் தாள் கத்தரிப்பூ நிறத்துக்கு வெளுத்து, அப்பளம் போலக் கொப்பளித்துக் கிடந்தது. ஒட்டியவன் ஆந்திர எல்லை நகரிக்காரன் பங்காரு. அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"மட்டமான தாள் கேட்ட, ஒட்டினேன். வெயில் இன்னா என் மாமனாரா, நான் சொன்னா கேக்க?"

சண்டை ஓய்ந்ததும் அவனுக்கு ஒரு டீ சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். கூலிங் பேப்பரில் இரண்டு ரகமாம். சாயம் ஏற்றியது மெல்லிசு. சொன்னபடி வளையும், கை பழகாதவன்கூட ஒட்டிவிடலாம், ஆனால் வெயில் அந்தச் சாயத்தைத் தின்றுவிடும். வெள்ளிப் பூச்சு போட்டது விறைப்பு. ஒருமுறை மடங்கினால் அந்தத் தடம் போகவே போகாது, ஒட்டுவதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒட்டிவிட்டால் வருஷக்கணக்கில் அசையாது. எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்: "சார், இந்த ஊர்ல ஒரு பொம்பள இத மோர் ஊத்தி ஒட்டிச்சு."

மோர் மட்டும் அவன் தந்தது. மற்றதெல்லாம் நான் போட்டது.

2

மலையிலிருந்து மணியோசை கேட்டபோது ரஞ்சிதம்—

வேண்டாம். திருத்தணிக் கதை என்றால் மணியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டமா?

ரஞ்சிதம் நல்ல அழகி. அவளுடைய—

தையல் கடைக்காரியின் கதைக்கு இது எதற்கு? நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ரஞ்சிதம் மணவூர்ப் பெண். வாழ்க்கைப்பட்டது திருத்தணியில், வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு நெசவுக் குடும்பத்தில். புருஷன் வேணு பள்ளிப்பட்டில் பவர்லூம் ஓட்டுகிறான். புருஷனின் அண்ணன், அவள் 'பாவா' என்று கூப்பிடும் கோதண்டபாணி, மலைக்குப் போகிற ரோட்டில் இருந்த தன் கடையை அவளுக்குப் பெண்கள் தையல் கடை வைக்கக் கொடுத்தார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார். ஆடிக் கிருத்திகைக்குள் கடை ஓட வேண்டும், ஓடாவிட்டால் அர்ச்சனைத் தட்டு விற்கிறவனுக்கு விட்டுவிடுவார். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு மறுபடி வீட்டுக்குள் தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற வேலைதான்.

அதற்கு முன் அந்த இடம் பேக்கரி. ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, எதிரே டீக்கடை பெஞ்சு. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க எந்தப் பெண் உள்ளே வருவாள்?

(திரை போட்டால் போச்சு என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ரஞ்சிதமும் கேட்டுப் பார்த்தாள். "தெர போட்ட கடையா? ரோடு பூரா லாட்ஜு. ஊர் இன்னா பேசும் தெரிமா?" என்று பாவா சீறிவிட்டார். பலகைத் தடுப்பு? மிஷினும் மேஜையும் போட்ட பிறகு அந்தக் கடையில் ஆள் திரும்பவே இடமில்லை. எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.)

3

ஆகவே பங்காரு. "வெள்ளித் தாள் ஒட்டும்மா. வெளிய இருந்து பாத்தா மூஞ்சி பாக்கற கண்ணாடி. உள்ள இருந்து பாத்தா ரோடே தெரியும்" என்றான். தாளை வெட்டியும் கொடுத்தான். ஆனால் அரக்கோணத்தில் ஒரு கார் காத்திருந்தது. ஒட்டுகிற விதத்தை மட்டும், தெலுங்கு வீட்டுப் பெண்தானே என்று, தெலுங்கில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

"பெத்த பனி காதம்மா. சல்ல நீள்ளு சல்லி அண்டிஞ்சு."*

*பெரிய வேலையில்லை, பச்சைத் தண்ணீர் தெளித்து ஒட்டு என்கிறான். சல்ல என்றால் குளிர்ந்தது. சல்ல என்றால் மோரும்கூட. ரஞ்சிதத்துக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் மாமியார் வீட்டு அடுப்படியில் கற்றது; அங்கே அந்தச் சொல்லுக்கு மோர் மட்டும்தான் அர்த்தம்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் நடந்தேன். ரஞ்சிதம் அவ்வளவு மக்கா? மோரை ஊற்றிக் கண்ணாடியில் தாள் ஒட்டுவாளா? ஒட்டுவாள். நூல் விறைக்கக் கஞ்சி போடுகிற வீடு அது. கஞ்சி நூலுக்கு என்றால் மோர் தாளுக்கு, அவ்வளவுதான். நாத்தனார் பாஞ்சாலி ஒரு முனையைப் பிடிக்க, குண்டான் நிறைய நீர்மோர் வைத்துக்கொண்டு இருவரும் ஒட்டி முடித்தார்கள்.

விடிந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு. ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது.

"வதினா, கடையில மோர்க்கொழம்பு வாசன வருது" என்று அண்ணியிடம் சொன்னாள் பாஞ்சாலி.

பாவா வந்து பார்த்தார். "கண்ணாடிக்குத் தேமல் வந்துகினு இருக்குது. சரி பண்ணு, இல்ல சாவியக் குடு."

பங்காரு திரும்பி வந்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தான், கழுவினான், புதுத் தாளை சோப்புத் தண்ணீரில் வழுக்கவிட்டு ரப்பர் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒட்டினான். ஒரு கொப்புளம் இல்லை. டீக்கடை ஆட்கள் அதில் தலை சீவிக்கொண்டார்கள். உள்ளே பெண்கள் அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கடை ஓடியது.

4

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன், 'சுபம்' போடாத குறைதான். ஆனால் மனசு கிடந்து அரித்தது. பங்காருவிடம் மிச்சத் துண்டு ஒன்றை வாங்கிவந்து, நான் எழுதுகிற அறையின் ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். பகலெல்லாம் தெரு எனக்குத் தெரிந்தது, நான் தெருவுக்குத் தெரியவில்லை. இருட்டியதும் விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். கடைக்குப் போயிருந்த என் மனைவி மனோரமா வாசலிலிருந்தே கத்தினாள்.

"கத எழுதறேன்னு மூக்க நோண்டிகினு இருக்கறீங்க. தெருவே பாக்குது!"

வெளிச்சம் எந்தப் பக்கம் குறைவோ, அந்தப் பக்கத்து ஆளுக்குத்தான் இந்தத் தாள் ஊழியம் செய்யும். பங்காருவைப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"கார்ல ஏது சார் ட்யூப்லைட்டு? எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

பயமாக இருந்தது. ரஞ்சிதத்தை நான் உண்டாக்கிய கடையில், நான் போட்ட ட்யூப்லைட்டின் கீழே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

5

ஆடி மாசம், மழை மூட்டம், சீக்கிரமே இருட்டிவிட்டது. பள்ளிக்கூட டீச்சர் வள்ளிநாயகி கிருத்திகைக்கு ஜாக்கெட் தைக்க வந்திருந்தாள். ரஞ்சிதம் லைட்டைப் போட்டாள். பாதி அளவு எடுத்திருக்கும்போது கொக்கி தீர்ந்துபோனது தெரிந்து, "இப்டியே நில்லு டீச்சர், எதிர்ல பேன்சி கடைல வாங்கினு வந்துடறேன்" என்று வெளியே ஓடினாள். ரோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள்.

அவள் பார்த்ததை ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அடித்துவிட்டேன். நன்றாக வந்ததற்கே வெட்கமாக இருக்கிறது.

டீக்கடை பெஞ்சில் பேச்சு நின்றுபோயிருந்தது.

ரஞ்சிதம் ஓடிவந்து லைட்டை அணைத்தாள்.

"கரண்ட் போச்சாக்கா?"

"இல்ல. நான்தான் அணைச்சேன்."

"ஏன்?" பிறகு மெதுவாக, "வெளிய தெரிஞ்சுதா?"

முடிவு ஒன்று: "இல்லம்மா" என்கிறாள் ரஞ்சிதம். கடை பிழைக்கிறது. இனி பொழுது சாயும்முன் பூட்டிவிடுவாள். ஆனால் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் வள்ளிநாயகி நாளைக்கும் பள்ளிக்கூடம் போகவேண்டும். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு மட்டும் தெரியாது.

முடிவு இரண்டு: "ஆங், தெரிஞ்சுது." இதுவரை வந்து அளவு கொடுத்த அத்தனை பெண்களுக்கும் அந்த ராத்திரியே செய்தி போகும். சாவி பாவாவிடம்.

முடிவு மூன்று: பெஞ்சுக்காரர்கள் எழுந்து வந்து தலைகுனிந்து மன்னிப்பு— கிழித்துப் போட்டேன். எந்த ஊரில்?

ரஞ்சிதத்தின் வாயில் இரண்டு பதிலையும் வைத்துப் பார்த்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள். வள்ளிநாயகி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். டீக்கடையில் எல்லாரும் அவரவர் டம்ளரைப் பார்க்கிறார்கள். நானும் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். குனியாமல் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அவள் உங்களிடம்தான் வருகிறாள்.

"இவ்ளோ நேரமா பாத்துகினுதானே இருந்தீங்க? நீங்க சொல்லுங்க, தெரிஞ்சுதா?"