கால் மாத்திரை

பதினோரு மாடி அலுவலகக் கட்டடத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த அவனை அங்கே எல்லோரும் கரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பிளம்பருக்குக் குழாய் என்று பெயர் வைத்திருந்ததால் அவனுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருட வேலையில் எத்தனையோ தடவை ஷாக் வாங்கியிருக்கிறான். உதறிவிட்டு அடுத்த ஒயரைப் பிடித்திருக்கிறான். அப்படிப்பட்டவன் மூன்று வாரமாகத் தலையைத் திருப்பவே பயந்துகொண்டிருந்தான்.

திருப்பினால் அடித்தது. தலையைக்கூடத் திருப்ப வேண்டாம், கண்ணைச் சட்டென்று ஓரத்துக்கு ஓட்டினால் போதும். காதுக்குப் பின்னால் 'ஸ்ஸிக்' என்று ஒரு சத்தம். மூளைக்குள் யாரோ இரண்டு ஒயர்களை உரசிப் பார்த்தது போல இருக்கும். உதடு மரத்துப்போகும். ஒரு நொடி எல்லாம் நின்று, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும்.

இப்படி வரலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். நான்கு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவனுக்கு, உடம்பும் மனசும் தேறிவிட்டதால் மெல்லக் குறைக்கலாம் என்று முடிவு செய்தபோது சொன்னது.

“சில பேருக்குத் தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. அதிகமா இருந்தா என்கிட்ட வாங்க, முந்தின அளவுக்கே போயிட்டு இன்னும் மெதுவா குறைக்கலாம்.”

“ஷாக்கா? அதோடதானே டாக்டர் நான் குடித்தனமே நடத்துறேன்!”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “ஒவ்வொரு படிக்கும் ரெண்டு மாசம். நீங்களா எதையும் மாத்தக் கூடாது,” என்று சொல்லிச் சீட்டில் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு இழுத்தார்.

அரை மாத்திரைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நன்றாகத்தான் இருந்தான். அதுதான் வினையாகிவிட்டது. ஒருநாள் காலையில் அந்த அரையை நகத்தால் இரண்டாக உடைத்து ஒரு துண்டை மட்டும் விழுங்கினான். மாத்திரை இல்லாத தான் யார் என்று பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். மனைவியிடம் சொல்லவில்லை. நான்கு வருடத்துக்கு முன், சுவரைப் பார்த்தபடி கிடந்தவனை எழுப்பி உட்கார வைத்தவள் அவள். சொன்னால் அன்றைக்கு இருந்த அந்தப் பார்வை அவள் முகத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அவனால் தாங்க முடியாது.

முதல் வாரம் முழுக்க டெஸ்டரும் கையுமாகத் திரிந்தான். அடித்த மாத்திரத்தில், எதைத் தொட்டுக்கொண்டிருந்தானோ அதில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். பிரிட்ஜ், கேட்டு, லிஃப்ட் கதவு. எதிலும் டெஸ்டரின் விளக்கு எரியவில்லை. ஒருநாள் மதியம் சாப்பாட்டு அறையில், தன்னை மறந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே வைத்துவிட்டான்.

“யோவ் கரண்டு, பிளாஸ்டிக் சேருய்யா அது!” என்றான் குழாய். “நாளைக்கு என் மூக்குலயும் வச்சுப் பாப்ப போலிருக்கே.”

“உன் மூக்குல வச்சா கட்டடத்துக்கே பியூஸ் போயிடும்.”

அறையே சிரித்தது. கூடவே சிரித்தவனுக்குக் காது மட்டும் கொதித்தது. அன்றே ஒரு முடிவுக்கு வந்தான். இனி டெஸ்டரை எடுப்பதில்லை. அடிப்பது மாத்திரை. கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினால் போய்விடும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எந்தச் சின்ன அதிர்வையும் சும்மா விட்டவனில்லை. இப்போது விடப் பழகினான். பழகவும் முடிந்தது.

வியாழக்கிழமை காலை, ஈரத் தரையில் நின்று வெந்நீர்க் குழாயைத் திருகியபோது அடித்தது. கண்ணை மூடினான். பத்து எண்ணினான். குளித்துவிட்டு வேலைக்குப் போனான்.

மதியம் மூன்று மணிக்கு மேல், மூன்றாம் மாடி நடைபாதையில் ஏணி மேல் நின்று ஒரு விளக்கை மாற்றிக்கொண்டிருந்தான். கீழே யாரோ போனார்கள், கண் அந்தப் பக்கம் ஓடியது. ஸ்ஸிக். உதடு மரத்தது. எண்ணத் தொடங்கினான். நான்கில் நின்றுவிட்டது எண்ணிக்கை.

காலையில் உதடு மரக்கவில்லையே.

சத்தமும் கேட்கவில்லை. கண்ணை எங்கேயும் ஓட்டவில்லை, குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனியில் பிடித்து முழங்கை வரைக்கும் ஏறியது அது.

ஏணியிலிருந்து இறங்கிப் போனை எடுத்தான். மணி மூன்று இருபது. மூன்றரைக்கு மகள் பள்ளியிலிருந்து வருவாள். வியாழக்கிழமை ஓட்டப் பயிற்சி. உடம்பெல்லாம் மண்ணோடு வந்து நேராகக் குளியலறைக்குள் புகுந்துகொள்வாள். நான்கு தடவை வீட்டுக்குப் போன் போட்டான். மனைவி வீட்டில்தான் இருப்பாள், ஆனால் தையல் மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

“குழாய், வண்டிய எடு. வீட்டுக்குப் போகணும்.”

“என்னய்யா, முகம் வெளுத்துப் போச்சு?”

“ஹீட்டர்ல கரண்டு கசியுது. காலையில எனக்கு அடிச்சுது. பாப்பா குளிக்கப் போயிடுவா.”

குழாய் வண்டியைக் கிளப்பிவிட்டுத்தான் கேட்டான். “காலையில உனக்கு அடிச்சுதுங்கிற. அப்பவே மெயினை அணைக்காம என்ன பண்ணிட்டிருந்த?”

பின்னால் இருந்தவன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். வண்டி சாய்ந்த ஒவ்வொரு திருப்பத்திலும் தலைக்குள் அடித்தது. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. கசிவு நிஜமென்றால் பிள்ளை அதன் அடியில் நிற்கிறாள். பொய்யென்றால், இல்லாத ஷாக்கை விரலிலும் உணரத் தொடங்கிவிட்ட ஒரு மனிதனை மறுபடி அந்தச் சுவர்ப் பக்கம்தான் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும். பொய்யாக இருக்கட்டும், பொய்யாகவே இருக்கட்டும் என்று முணுமுணுத்தான்.

வாசலில் மண் அப்பிய ஷூ கிடந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். மெயினை இழுத்து அணைத்தான். தையல் மிஷின் பாதி ஓட்டத்தில் நின்றது.

“பாப்பா! குழாயத் தொடாத! கையை எடு!”

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கதவைத் தட்டினான், தோளால் இடித்தான்.

“அப்பா?” என்றது குரல். “எதுக்குக் கத்தறீங்க? நான் வெந்நிய தொடவே மாட்டேன். பச்சத் தண்ணியிலதான் குளிக்கறேன்.”

அவன் கதவிலேயே சாய்ந்துகொண்டான். “ஏம்மா?”

“அந்தக் குழாய்தான் கடிக்குதே! நேத்தே உங்ககிட்ட சொன்னேன். நீங்க கண்ண மூடிட்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டிருந்தீங்க. அப்பறம் சரிம்மான்னீங்க.”

அவனுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே நினைவில்லை.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்து கூடத்தில் உட்கார்ந்த பிறகு, குழாய் போய் மெயினைப் போட்டான். கரண்டு செருப்போடு உள்ளே போய் வெந்நீர்க் குழாயில் டெஸ்டரை வைத்தான். செம்புள்ளி போல ஏதோ தெரிந்தது. அதை அவன் நம்பவில்லை.

“இங்க வா,” என்று மனைவியை அழைத்தான். “தள்ளி நின்னே பாரு. எரியுதா?”

“எரியுது.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“நல்லாத்தாங்க எரியுது. இதப் போயி என்னைக் கேக்கறீங்க? எலக்ட்ரீஷியன் நீங்களா நானா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அப்படியே நின்றது. குழாய் மறுபடி மெயினை அணைத்துவிட்டு, “நகரு, நான் கழட்டறேன். எர்த் ஒயர் துருப்பிடிச்சு அறுந்து தொங்குது பாரு,” என்று ஸ்டூலைப் போட்டு ஏறினான். அதற்குப் பிறகு ஸ்குரூவைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வேலை செய்தான்.

“நான் கால் மாத்திரைதான் போடறேன்,” என்றான் கரண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து. “மூணு வாரமா. தலைக்குள்ள அடிச்சிட்டே இருக்கு. எது நிஜம்னு தெரியல எனக்கு.”

எந்தப் பார்வைக்குப் பயந்தானோ அது வந்தது. ஆனால் அவள் விலகிப் போய்விடவில்லை. ஈரத் தரையிலேயே அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவளே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, பேசச் சொல்லி அவனிடம் கொடுத்தாள். இன்றைக்கே அரைக்குத் திரும்ப வேண்டும், திங்கட்கிழமை நேரில் வர வேண்டும், தான் சொல்கிற வரைக்கும் ஏணியும் ஒயரும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை அவர், திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

அடுத்த போனை அவனேதான் செய்தாக வேண்டும்.

“சார், கொஞ்ச நாளைக்கு எனக்கு லைன் வேலை வேண்டாம். ஸ்டோர்ல போடுங்க.”

“ஏன்யா, கை கிய்ய ஒடைச்சுக்கிட்டியா?” என்றார் சூப்பர்வைசர்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு கட்டுப் போட்டால் தீர்ந்தது. மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சார். மனசுக்கு மாத்திரை சாப்பிடறேன். நாலு வருஷமா. இப்பக் குறைக்கறாங்க. ஷாக் அடிச்சா, அது ஒயரா தலையான்னு எனக்குத் தெரியல.”

மறுமுனையில் வாகனங்கள் போகும் இரைச்சல்தான் கேட்டது, எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. எந்த ஒயரைப் பிடித்தபோதும் இப்படி அவன் நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. வைத்துவிடலாம் என்று விரல் துடித்தது. காதோடு போனை அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தான்.