பிடுங்கிய வயர்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'சாவி' என்று பெயர். பூட்டுக் கடையெல்லாம் கிடையாது. எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் காசு கொடுக்காமல் திறந்து தருவார், அதற்காகக் கிடைத்த பட்டம். பகலில் அவர் ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் மேற்பார்வையாளர். பில் இல்லாமல் ஒரு சோப்புக்கட்டி வாசலைத் தாண்டாது. சாக்லேட்டைப் பைக்குள் போட்ட ஒரு பெரியவரை நிற்க வைத்து நேர்மையைப் பற்றிப் பாடம் எடுத்தாராம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரருக்காகத் திருட்டு சாஃப்ட்வேரை இறக்க உட்கார்ந்தார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

"இது மட்டும் திருட்டு இல்லையா?" என்று கேட்டேன்.

"நான் எடுத்தா அங்கே ஏதாவது குறையுதா? குறையலைல்ல? அப்புறம் எப்படித் திருட்டு? உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பாரு."

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வீட்டு பிளான் வரைகிற சாஃப்ட்வேரைத் திறக்கும் முன் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். வயர் இருந்தால், திருட்டுப் பிரதி என்று அது கம்பெனிக்குக் கோள் மூட்டிவிடுமாம். என் மகள் தொழில் பழகியதே அப்படித்தான். பிடுங்கு, வரை, மூடு, மறுபடி செருகு.

ஒரு வருஷமாக வேலை தேடி அலுத்துப்போன பிள்ளை. கடைசியில் ஒரு நல்ல இடத்திலிருந்து இன்டர்வியூ வந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே, அவர்கள் பார்க்கப் பார்க்கத் திரையில் ஒரு வீட்டை வரைய வேண்டும். வயரைப் பிடுங்கினால் இன்டர்வியூ இல்லை, பிடுங்காவிட்டால் குட்டு உடையும். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் ஒரிஜினலையே வாங்கிவிட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதேம்மா."

"எனக்கென்னடி பைத்தியமா?"

அந்த ஒரிஜினலின் லட்சணத்தைக் கேளுங்கள். திருட்டுப் பிரதி தட்டியதும் திறக்கும். காசு கொடுத்து வாங்கினதோ ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்டது, போனுக்கு நம்பர் அனுப்பியது, நீ நீதானா என்று சந்தேகப்பட்டது. என் மாமியார்கூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை. திருடனைப் பிடிக்கத் துப்பில்லாத கம்பெனி, காசு கொடுத்தவளின் சட்டையைப் பிடித்தது.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போன பிறகுதான் இன்டர்வியூ. திரையில் மூன்று பேர். மகளின் கை தன் பாட்டுக்கு ஓடியது. கூடம் முடிந்து மாடிப்படி எழும்பும்போது, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று அவர்களில் ஒரு அம்மாள் சொன்னது கதவோரம் நின்ற என் காதிலும் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போன மனுஷன் அப்போதுதானா திரும்பி வரவேண்டும்! திரையில் சாஃப்ட்வேர், சுவரில் வயர். இரண்டையும் ஒருசேரப் பார்த்தார்.

"ஐயோ, வயரு!"

"ஏங்க, வேண்டாங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் பாய்ந்து பிடுங்கிவிட்டார்.

"நல்லவேளை நான் வந்தேன். இல்லைன்னா மாட்டியிருப்பே!" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மகள் வயரைப் பறித்துச் செருகினாள். அந்த மூன்று பேரும் மறுபடி வந்தார்கள். சாஃப்ட்வேர் திரும்பவும் தன் சோதனையை ஆரம்பித்தது. ஆபத்துக்கு உதவும் என்று இவர் அதே கம்ப்யூட்டரில் ஒளித்து வைத்திருந்த திருட்டுப் பிரதியை மோப்பம் பிடித்துவிட்டது. இத்தனை வருஷம் கண்ணில் படாதது! 'இந்தக் கம்ப்யூட்டரில் திருட்டுப் பிரதி உள்ளது. உங்கள் உரிமம் நிறுத்தப்படுகிறது' என்று திரை முழுக்கச் சிவப்பில் வந்தது. பாதி வீடு அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. மூன்று பேரும் படித்தார்கள்.

"திருட்டு சாஃப்ட்வேராம்மா?"

"இல்லை மேடம், நான் காசு குடுத்துதான்..."

"சரிம்மா. அடுத்தவங்க காத்திருக்காங்க."

திரை இருண்டது. மகள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அது ஒரிஜினல்ப்பா. நானே வாங்கினேன்."

அவர் முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. மனுஷனுக்கு இப்போதாவது உறைத்ததே என்று நினைத்தேன்.

"காசு குடுத்தா வாங்கினே? வீட்டுல நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா?" குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

"வேலை போச்சுப்பா."

"அது கிடக்கட்டும். எவ்வளவு குடுத்தே?"