கன்னி ஈக்கள்

என் தம்பி வெனியமின் இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் லெனின்கிராதில் என் அறையை விட்டுப் போகவில்லை. ஜாம் கிண்ணத்தைத் திறந்தால் எங்கிருந்தோ ஒரு பழ ஈ வரும். அதற்குப் பின்னால் அவன் நிற்பான். பேச மாட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் சோவியத் அரசு மரபியலைத் தடைசெய்தபோது, அவன் வளர்த்த ஈக்களை அவனையே கொதிநீரில் கொட்டச் சொன்னார்கள். அதற்கு முன் நடந்த கூட்டத்தில் அவன் எண்களை இட்டுக்கட்டியவன் என்றார்கள். அவன் வாய் திறக்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே இதயம் நின்றது. எங்கள் வீட்டில் பொய்யர் யாரும் இல்லை.

தடை நீங்கியதும் அவனுடைய குறிப்பேட்டுடன் ஆய்வகத்துக்குப் போனேன். ரிம்மா என்ற இளம் ஆய்வாளரிடம், அவன் செய்த இனக்கலப்புச் சோதனையை மறுபடி செய்து பார்க்கச் சொன்னேன்.

"நீங்க அதட்டினா ஈ கூட முதுகை நிமிர்த்தும், கிளாவ்தியா ஒசிபோவ்னா" என்றாள்.

கறுப்பு உடலும் குட்டைச் சிறகும் ஒரே குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறை ஈக்களுக்குப் போகும். சிலவற்றில் மட்டும் பிரியும். எத்தனையில் பிரிகிறது என்று எண்ணினால் இரண்டு மரபணுக்களுக்கும் இடையிலுள்ள தூரம் தெரியும். வெனியமின் வெளியிட்ட தூரம் வேறு யாருக்கும் வரவில்லை. அவன்மேல் சொன்ன குற்றம் அதுதான்.

இரண்டு மாதம் கழித்து ரிம்மா கூப்பிட்டாள். அவளுக்கும் வரவில்லையாம். ஆனால் ஈக்கள் வளர்ந்த புட்டி ஒவ்வொன்றின் கணக்கையும் குறிப்பேட்டில் பார்த்திருக்கிறாள்.

"இட்டுக்கட்டுறவர் இப்படி எழுதமாட்டார். கறுப்பு பாதி, சாதாரணம் பாதி வரணும். இந்தப் பதினொரு புட்டியில மட்டும் சாதாரணம் ரெண்டு மடங்குக்கு மேல. மத்ததெல்லாம் என் எண்ணிக்கையோட ஒத்துப்போகுது. இதுல தாய் ஈக்கள் கன்னியா இல்ல. கூடப் பொறந்த ஆண் ஈக்களோட முன்னாடியே சேர்ந்திருக்கு. கூட்டுப்புழுவிலிருந்து வெளிய வந்த சில மணி நேரத்துக்குள்ள பெண் ஈக்களைப் பிரிக்கணும். 'காலை ஏழு மணி'ன்னு எழுதியிருக்கு, அது நெசமில்ல. அன்னிக்குப் பிரிச்சது யாரு?"

நான்தான். அப்போது தம்பியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். அன்று ஒரு மாலுமியோடு பனிச்சறுக்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து மாலையில் பிரித்துவிட்டு, காலையிலேயே முடித்ததாகத் தம்பியிடம் சொன்னேன்.

ரிம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஏட்டின் பக்கங்களை மறுபடி புரட்டினாள். பிறகு, உதவியாளரின் தவறு என்று மட்டும் அச்சிட்டால் போதும், பெயர் வேண்டாம் என்றாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அவள் ஏட்டைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பதினொரு எண்களின் ஓரத்திலும் பென்சில் கோடு. "கூட்டத்துக்கு முந்தின நாள் தேதி போட்டிருக்கார்."

அப்படிப்பட்ட கூட்டங்களில் உச்சரிக்கப்பட்ட பெயர்களுக்கு என்ன ஆனது என்பது எங்கள் வயதினருக்குத் தெரியும். என் பெயரை அவன் உச்சரிக்கவில்லை.

பேனாவை வாங்கினேன். என் முழுப்பெயர், தேதி, ஈக்களைப் பிரித்த நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டேன்.

"சாயங்காலம் அஞ்சு மணியா?" என்றாள் ரிம்மா.

தாளைத் திரும்ப வாங்கி, ஐந்தரை என்று திருத்தினேன்.