உணவுக்குப் பின் ஓர் அறை

இதனால் பொதுமக்கள் அனைவருக்கும் பெருமிதத்துடன் தெரிவிக்கப்படுவது யாதெனில், வீடற்றோர் பிரச்சினை இந்நகரில் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, அரசு மருந்தகத்தின் இரண்டாம் ஜன்னல் வழியாக, பழுப்புக் காகித உறையில் போட்டுத் தீர்க்கப்பட்டது. உறைக்குள் பத்துக்குப் பத்து அறை ஒன்று இருந்தது. கதவு, குழாய், ஒரு ஜன்னல், துணிக்கொடி கட்ட இரண்டு ஆணி. குலுக்கினால் லேசாகச் சத்தம் வந்தது.

அதற்கு முன் நடந்ததையும் முறைப்படி சொல்லிவிட வேண்டும். காப்பகம், மருத்துவம், குடியிருப்பு என்று மூன்று துறைகள் மூன்று தெருக்களில் இருந்தன. காப்பகத்தில் ஆறாத புண் உள்ளவருக்குப் படுக்கை கிடையாது. மருத்துவமனையில், போய்ப் படுக்க இடமில்லாதவருக்கு வைத்தியம் தொடங்குவதில்லை; கட்டுப் போட்டு அனுப்பினால் மறுநாளே நனைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள் என்பது அவர்கள் குறை. குடியிருப்புத் துறையோ, மற்ற இரண்டின் சான்றிதழும் இருந்தால் உடனே வீடு தரும்; அதனால் யாருக்கும் தந்ததில்லை. மூன்றையும் ஒருங்கிணைப்பது என்று முடிவெடுத்து, ஏழு வருடம் யோசித்து, மூன்று மேசைகளை ஒரே கூடத்தில் ஒட்டிப் போட்டு, அவற்றின் மேல் ஒரே பச்சைத் துணியை விரித்தார்கள். துணியைத் தைக்க மட்டும் எட்டு மாதம் ஆயிற்று. மேசைகளுக்குப் பின்னால் மூன்று இயக்குநர்கள். முன்னால் பழையபடி மூன்று வரிசைகள்.

மூன்றிலும் நின்று பார்த்தவர் லிஃப்ட்காரர். பெரிய கட்டடம் ஒன்றில் பத்தொன்பது வருடம் லிஃப்ட் இயக்கியவர். பொத்தானை மக்களே அழுத்திக்கொள்வார்கள் என்று யாரோ கண்டுபிடித்த பிறகு வேலையும் போய், படிக்கட்டுக்கு அடியில் தந்திருந்த அறையும் போய், நான்கு வருடமாகப் பாலத்துக்கடியில் படுத்துவந்தார். சர்க்கரை வியாதி உண்டு. இடது பாதத்தில் ஒரு புண். ஈரத்தரையில் ஆறவில்லை. மாதக் கடைசிக்குள் ஆறாவிட்டால் பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டாவது முறை மருத்துவ மேசைக்கு அவர் வந்தபோது, அங்கே புண் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மறுபடியும் நனைச்சுட்டு வந்துட்டீங்களா?"

"நான் எங்கம்மா நனைச்சேன்? அதுவா வந்து நனைச்சுட்டுப் போகுது."

"காலை ஈரம் படாம வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எங்க வைக்க?"

டாக்டரம்மா சீட்டை இழுத்து எழுதினார்: அறை ஒன்று, இரவு, உணவுக்குப் பின், ஆயுள் முழுவதும். கோபத்தில் எழுதியதால் கையெழுத்து வழக்கத்துக்கு மாறாகப் படிக்கும்படி இருந்தது. மருந்தகத்துக் கம்பவுண்டர், சீட்டில் எழுதியதை இருபத்திரண்டு வருடமாகக் கேள்வி கேட்டறியாதவர். உள்ளே போனார். ஏணி நகரும் சத்தம் கேட்டது. உறையோடு வந்தார்.

"அண்ணே, இதை முழுங்கணுமா?"

"முழுங்கிட்டா உள்ள எப்படிய்யா படுப்பே? தண்ணி தெளிச்சு தரையில வை. ஆளுங்க நடக்குற எடமா வேணாம்."

லிஃப்ட்காரர் அதைப் பாலத்துக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வைத்தார். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முழங்கால் உயரம் வந்திருந்தது. மதியத்துக்குள் முழு அறை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து, வண்டி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது, இரண்டடி தள்ளிப் போடு என்றார். சுவரின் காரை இன்னும் காயாததால் தள்ள முடிந்தது. பதினெட்டு நாளில் புண் ஆறியது. பார்க்க வந்தவர்களைக் கதவருகே நிறுத்தி, எந்த மாடி என்று கேட்பதை மட்டும் அவரால் விட முடியவில்லை.

இயக்குநர்கள் கலங்கிப்போனார்கள். கூரை இருப்பதால் தன்னுடையது என்றார் ஒருவர். சுவர் இருப்பதால் தன்னுடையது என்றார் இன்னொருவர். சீட்டே தன்னுடையது என்றார் மூன்றாமவர். மூன்று அமர்வுகளுக்குப் பின், துறைகள் இணைந்ததிலிருந்து முதன்முறையாக ஒருமனதாக ஒரு முடிவு வந்தது: புண் ஆறிவிட்டது, எனவே சிகிச்சை முடிந்தது, அறையைத் திங்கட்கிழமைக்குள் மருந்தகத்தில் ஒப்படைக்க வேண்டும். லிஃப்ட்காரர் தன் பாதத்தைப் பார்த்தார். பாலத்தடியைப் பார்த்தார். இன்னொரு மழைக்கு அந்தக் கால் தாங்காது என்று அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை இயக்குநர்கள் மூவரும் அவரை அழைத்துக்கொண்டு நேரே ஜன்னலுக்கு வந்தார்கள். கம்பவுண்டர் உத்தரவைப் படிக்கவில்லை.

"உறையைப் பிரிச்சாச்சா?"

"பிரிச்சுட்டேண்ணே," என்றார் லிஃப்ட்காரர், குற்றவாளி போல.

"பிரிச்ச மருந்தைத் திருப்பி எடுக்கிறதில்ல, சார்."

"யோவ், இது மருந்தில்ல, அறை," என்றார் குடியிருப்பு இயக்குநர்.

"அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க? கொஞ்சம் நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

நின்றார்கள். நாற்பது பேர். எல்லார் கையிலும் டாக்டரம்மாவின் சீட்டு, எல்லாமே படிக்கும்படியான கையெழுத்தில்.

நிறைவேற்ற வழியில்லாத உத்தரவு கோப்புக்குப் போனது. லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போனார். அடுத்த ஆறு வருடத்தில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அறைகள் அந்த ஜன்னல் வழியாகப் போயின. குடும்பத்தோடு வந்தவர்களுக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகத் தண்ணீர் தெளித்துவிட்ட ஒருவருக்கு மாடி எழும்பிவிட்டது. பக்க விளைவாக, சிலர் காலை எட்டு மணி வரை எழுந்திருப்பதில்லை என்று பதிவாகியிருக்கிறது.

தற்போது இந்த மருந்து ஸ்டாக் இல்லை.